மூன்றாவது பொத்தான்

பதினோரு லட்சத்து நாற்பதாயிரத்தை எண்ணி முடித்த பிறகும்
சொல்தா வீட்டுப் பிள்ளை ஃபெலிக்ஸ்
சாவியை உடனே தரவில்லை.
"இதுக்கு மழை ஆகாது, மேடம்."
ஆற்றுக்குள் வண்டி பாயும் படம் போட்ட
பழைய கையேடும் அதே கையில்தான் இருந்தது.

இடது முட்டிக்காக
கிளட்ச் இல்லாத வண்டி தேடியவள் நான்.
கிடைத்தது இது:
வெளியே குட்டிப் பெட்டி,
உள்ளே மாட்டுத்தோலில் ஒரு ராஜாங்கம்.
கன்னியக்கோயில் தாண்டுமுன்
மஞ்சள் விளக்கொன்று எரிந்தது.
எதற்கென்று கேட்க ஆளில்லை.
ரெட்டிச்சாவடி செக்போஸ்ட்டில்
நான் தொடாமலே பின்கதவு
மெள்ள, மரியாதையாக, தானே மேலெழுந்தது.
பாட்டில் தேடிக் குனிந்தார் காவலர்.
இருந்தது ஐஸ் உப்பு நாலு மூட்டை,
அமோனியா குழாய்க்கு ஒரு வால்வு.
"இந்த வண்டியிலயா?"
இந்த வண்டியிலதான்.

கியர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குமிழ்.
மணல், சேறு, பாறை, பனி.
மணலைத் தேவனாம்பட்டினத்தில் ஒரு ஞாயிறு பார்த்தாயிற்று.
சேறு கேட்காமலே வரும்.
பாறைக்குச் செஞ்சி போக வேண்டும்.
பனிக்கோ
முதுநகரில் என் ஆலையே இருக்கிறது,
தினம் முந்நூறு பார்,
நொறுங்கி மத்தி மேல் விழ.
ஒரு மதியம் ஆலைத் தரையில்
உருகிய நீரில் வண்டியை நிறுத்திக்
குமிழைத் திருப்பினேன்.
திரையில் ஒரு வெள்ளைப் பூ.
அவ்வளவுதான்.
பார் தூக்கும் இருசப்பன் சிரிக்கக்கூட இல்லை.
"பெட்ரோல் எரியுதுக்கா" என்றான்.

மரியநேசன் பட்டறைக் கணக்கு:
முன்விளக்கு ஒன்று, லட்சத்துப் பத்தாயிரம்.
எலி கடித்த ஒயர் மூன்று முறை.
"எது விலைன்னு எலிக்குத் தெரியும்க்கா."
காற்றுப் பையில் கசிவு.
விடிந்து பார்த்தால் பின்பக்கம் படுத்திருக்கும்
கன்று போட்ட எருமை மாதிரி.
ஸ்டார்ட் செய்தால் முனகி முனகி எழும்.
அதற்குள் நான் ஒரு டீ குடித்துவிடுவேன்.

ஐப்பசியில் கெடிலம் ஏறிய இரவு
மோட்டார் அறைக்குப் போயாக வேண்டும்.
குமிழைச் சேற்றுக்குத் திருப்பி
லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதையில் இறங்கினேன்.
நடுவில் நின்றது.
எல்லா விளக்கும் சேர்ந்து எரிந்தன,
தேருக்கு ஜோடித்தது போல.
நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஒன்று
கயிறு கட்டி இழுத்தது.
ஓட்டியவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்,
விலை கேட்கிற முகம்.
நான் சொல்லவில்லை.

வித்துத் தொலையேன் என்கிறார்கள்.

ஓட்டுநர் கதவில் மூன்று பொத்தான்கள்.
ஒன்றை அழுத்தினால்
இருக்கை பின்னால் போகும், சாயும்.
ஃபெலிக்ஸின் அப்பாவுக்கு நீளக் கால்.
அவர் சட்டைக்குள் புகுந்ததுபோல்
எதுவும் எட்டாமல் கிடப்பேன்.
இரண்டை அழுத்தினால்
முன்னே வரும், உயரும், முதுகை நிமிர்த்தும்.
யாரோ ஒரு குள்ளப் பெண்,
ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்து ஓட்டியவள்.
போனில் கேட்டேன்.
ஃபெலிக்ஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அப்பாவைத் தவிர யாரும் ஓட்டினதில்லையே."

எனக்கு அவள் அளவு அச்சாகப் பொருந்துகிறது.
இடது கண்ணாடி மட்டும்
சாலையைக் காட்டாமல்
பின்சீட்டு ஜன்னலைக் காட்டுகிறது.
அங்கே யாரை உட்கார வைத்திருந்தாள்?

மாற்றிக்கொள்ளலாம், ஒரு நிமிட வேலை என்றான் மரியநேசன்.
அதைத் தொடாதே என்றேன்.

நேற்று ஆலை வாசலில் நிறுத்தி
முட்டிக்காகக் கொஞ்சம் பின்னே,
கொஞ்சம் கீழே இறங்கி,
கண்ணாடியைச் சாலைக்குத் திருப்பி,
மூன்றாவதை அழுத்திப் பிடித்தேன்.
டிங் என்றது.
அடுத்து வாங்குகிறவர்
இதை அழுத்திவிட்டு என்ன நினைப்பாரோ.

வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.
அரியாங்குப்பம் கல்யாணத்துக்கு
பின்னால் மூன்று பார், சாக்கு சுற்றி.
ரெட்டிச்சாவடியில் கதவு திறக்கும்.
திறக்கட்டும்.